சுவாசிக் சுருதி சேர்க்கிறாள்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, சொதப்பினேன். ரென் நகரில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனிக்காக, எழுபதுகளின் பிரெஞ்சு நாட்டார் இசையையும் புராக்ரசிவ் ராக்கையும் ஒரே தட்டில் தொகுத்தேன். ஒரு ராக் குழுவின் பழைய நாடாவில், அவர்களோடு வாசிக்க வந்த சுவாசிக் என்ற பெண் வியெலுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த ஏழு நிமிடத்தைப் பாட்டென்று நம்பி முதலில் போட்டுவிட்டேன். (வியெலில் கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் நரம்பை உரசும். நரம்புக்குப் பஞ்சு சுற்றிச் சரிசெய்வதற்குள் பசி வந்துவிடும்.) கடைசியில், "சரி, ஆரம்பிக்கலாமா?" என்று ஒரு குரல் வருகிறது. அதையும் தத்துவம் என்று நினைத்தேன். தலைப்பு வேறு வைத்தேன்: 'மூடுபனியின் பிறப்பு'.

2

வேறு தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது. சன்னலோரம் சுவாசிக்..."

வேண்டாம். எந்நேரமும் தூறும் எங்கள் பிரித்தானி வட்டாரத்தில் மழையைச் செய்தியாக எழுதினால் ஊர் சிரிக்கும்.

தட்டு விற்றுத் தீர்ந்தது. விமர்சகர்கள் அந்த ஏழு நிமிடத்தைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். தவறு உறைத்ததும் முதலாளி க்வெனொலேயிடம் ஓடினேன்.

"டேய் எர்வான், வாயைத் தொறக்காத. திங்கக்கிழமை ரெண்டாம் அச்சு."

"அந்தம்மாவைக் கேலி பண்ணின மாதிரி ஆயிடாதா? அந்தப் பதிவோட வாசிக்கிறதையே விட்டுட்டாங்களாம்."

"அப்ப நீயே போய்க் கேளு. அடி வாங்கினா கம்பெனி பொறுப்பில்ல."

3

முதல் வரைவில் சுவாசிக்கை இசையிழந்து வாடும் கிழவியாக்கியிருந்தேன். நிஜத்தில் அவர் சனிச்சந்தையில் சாசேஜை உள்ளே வைத்துச் சுருட்டிய கலெத் என்னும் தோசை விற்கிறார். வரிசை தெருமுனை தாண்டி நின்றது. (வாடியவன் நான்தான்.)

என் முறை வந்ததும், பதற்றத்தில் கடுகு சாஸ் கேட்டுவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.

"கலெத்துக்குக் கடுகு சாஸா? நீ ரென்காரன்தானா தம்பி?"

எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஓ! அந்த மகராசன் நீதானா?" என்றவர் கல்லில் மாவை ஊற்றினார்.

4

முடிவுகள்: (அ) சூடான கலெத் என் முகத்தில். (ஆ) அவர் கண்ணீரோடு வியெலை எடுக்கிறார். இதை எழுதி நானே அழுததால் அடித்துவிட்டேன். (இ) வாசகரே, உங்களுக்குத் தோன்றுவதை...

இருங்கள், கலெத்தைத் திருப்பிப் போடுகிறார்.

"ரெண்டாம் அச்சுல அந்த ஏழு நிமிஷத்தை எடுத்துடவாம்மா? உள்ளதைச் சொல்லுங்க."

"எடுக்காத. அன்னிக்கு நான் வாசிச்சதுல என் காதுக்கே கேட்டது அந்த ஏழு நிமிஷம்தான். அப்புறம் டிரம்ஸ் வந்துருச்சு." சாசேஜைச் சுருட்டி நீட்டினார். "ஆனா மூடுபனி, பிறப்புன்னெல்லாம் பேரு வைக்காத. சுவாசிக் சுருதி சேக்கிறாள்னு போடு."