ஏணையில் ஆடிய பொனற்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு உடையார்கட்டு ஊரே கிளம்பிப் போயிருந்தது. மிஞ்சியது நாய்களும் கோழிகளும், காலில் புண் என்று போகாமல் நின்ற பக்கத்து வீட்டு வீரகத்தியும், ஜெயரூபியும், அவள் புருஷன் தயாபரனும்தான். அவர்களுடைய கொட்டிலுக்குள் ஒரு சிவப்புக் கார் நின்றது.

இரண்டு பேர் மட்டும் இருந்து போகிற பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். முல்லைத்தீவு வியாபாரி மஸாஹிர் ஆசைப்பட்டு வாங்கியது. என்ஜினை மூடுகிற பொனற் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, சரியாக மூட மாட்டேன் என்று நின்றது. "கழற்றிச் சரிக்கட்டிப் பூட்டுங்கோ தம்பி. ஒரு கீறல் விழாமச் செய்தா என்ஜின் வேலையும் உங்களுக்குத்தான்" என்று சொல்லிக் காரை விட்டுப்போனவர், இன்று பின்னேரம் வருவார்.

தயாபரனின் இடக்கை முழங்கையோடு முடிந்துவிடும். உழவு இயந்திரம், தண்ணீர்ப் பம்ப் எல்லாவற்றையும் மற்றக் கையாலேயே கழற்றிப் பூட்டுகிறவன். ஆனால் கார் விஷயம் தெரிந்ததும் புதுக்குடியிருப்பில் ஒரு கடைக்காரன் நாலு பேர் முன்னால், "ஒரு கை தட்டினா ஓசை வருமோ?" என்று கேட்டுச் சிரித்தான். பக்கத்தில் நின்ற ஜெயரூபி, வாங்கிய சாமானை அவன் மேசையில் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

கழற்றுவது சுகமாக முடிந்தது. முட்டுக்கொடுத்த தடியும் அவள் தோளும் போதுமாயிருந்தன. பொனற்றைச் சாக்குகளின் மேல் படுக்க வைத்து, அது திறந்து மூடுகிற பிணைச்சல் வளைந்திருந்ததைத் தயாபரன் நிமிர்த்தினான். பூட்டுவதுதான் வில்லங்கம். இரண்டு பேர் இரண்டு பக்கமும் அசையாமல் பிடிக்க, மூன்றாவது ஆள் போல்ற்றைப் பூட்ட வேண்டும். தோளில் தாங்கினால் அவனுடைய கை போல்ற்றுக்கு எட்டவில்லை. கையை நீட்டினால் பொனற்றின் கூர்மூலை கண்ணாடிக்குக் கீழே இருந்த பெயின்றை நோக்கி இறங்கியது. ஜெயரூபி தன் பக்கத்தை இழுத்துப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, வீரகத்தி அண்ணையைக் கூப்பிடட்டே?"

"வேண்டாம். அவர் வந்து பிடிச்சா, அவர் பூட்டினதெண்டுதான் ஊர் கதைக்கும்."

"கீறல் விழுந்தா மட்டும் ஊர் மாலை போடுமோ?"

அவன் மறுபடி தோளைப் பொனற்றுக்குக் கொடுத்தான். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பொனற்றைச் சாக்கில் இறக்கிவிட்டு, கடவுளைத் திட்டலாம் என்று அண்ணாந்து பார்த்தாள். கடவுள் தெரியவில்லை, கொட்டிலின் கூரையைத் தாங்குகிற வளைதான் தெரிந்தது. ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் குடியிருந்த கொட்டில் அது. இன்று பொங்கலுக்குப் போயிருக்கிற மகள் தேனுகாவைக் குழந்தையில் போட்டு ஆட்ட ஏணை கட்டிய இடத்தில் கயிறு அறுத்த தடம் இன்னும் இருந்தது.

அவள் உள்ளே ஓடிப்போய் அலுமாரியிலிருந்து இரண்டு நைலெக்ஸ் சேலைகளை உருவிக்கொண்டு வந்தாள்.

"என்னப்பா செய்யிறீர்?"

"பிள்ளையை ஆட்டப்போறன். ஏறி நிக்கக் கதிரையைக் கொண்டாங்கோ."

வளையில் சேலைகளை இறுக்கிக் கட்டி, இரண்டு ஏணைகளுக்குள்ளும் பொனற்றை ஏற்றினார்கள். அது காருக்கு மேலே மிதந்தது. ஜெயரூபி பயந்து பயந்து ஒரு விரலால் தொட்டாள். அந்தப் பெரிய சிவப்புத் தகடு சொன்ன சொல் கேட்கிற பிள்ளையாக ஆடிவந்து பிணைச்சலோடு பொருந்தியது. அவளுக்கு மேல் சிலிர்த்துவிட்டது. தயாபரனின் கை இப்போது சும்மா இருந்தது. அந்தக் கையால் அவசரமேயில்லாமல் போல்ற்றுகளைப் பூட்டினான்.

அப்படியும் முதல்தரம் மூடியபோது வலப்பக்கம் உரசியது, இடப்பக்கம் விரல் போகிற இடைவெளி. அவளுடைய பழைய செருப்பை வெட்டி மூலைகளுக்கு மெத்தை வைத்தான். போல்ற்றைக் கொஞ்சம் தளர்த்தினான். "ஒரு மயிரிழை உம்மட பக்கம்... காணும்." இறுக்கினான், மூடினான், குனிந்து பார்த்தான், திறந்தான், திரும்பத் தளர்த்தினான். வாயில் ஸ்பனரைக் கடித்துக்கொண்டு, இல்லாத கையின் முழங்கையால் தகட்டை நெல்லளவு நகர்த்தினான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அந்த முழங்கையை அவள் இரக்கத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறாள். இன்று அதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவன் சேலைகளை ஒரு முனையில் மட்டும் அவிழ்த்துப் பொனற்றிலிருந்து உருவினான், மெத்தைகளை எடுத்தான், பொனற்றைச் சாணளவு உயரத்திலிருந்து விட்டான்.

டொக்.

ஒரேயொரு சத்தம். இரண்டு பக்கமும் ஒரே அளவு கோடு. அவள் நகத்தை வைத்து அந்தக் கோட்டின் வழியே கடைசிவரை இழுத்துப் பார்த்தாள். ஓரிடத்திலும் தடக்கவில்லை.

பின்னேரம் மஸாஹிர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கைலேஞ்சியால் துடைத்தும் பார்த்தார். கீறல் இல்லை.

"ஆர் தம்பி பிடிச்சது?"

தயாபரன் மேலே காட்டினான். வளையில் இரண்டு சேலைகள் காற்றில் ஆடின. மஸாஹிர் அண்ணாந்தவர் கனநேரம் கழுத்தை இறக்கவேயில்லை.

"மாஷா அல்லாஹ்" என்றார் கடைசியில். பிறகு கையிலிருந்த கார்ச் சாவியைப் பொனற்றின் மேல் வைத்தார். "கார் நிக்கட்டும், என்ஜினையும் பாருங்கோ. நான் பஸ்ஸில போறன்."

அவர் வாசற் படலையைத் தாண்டிப் போனார். பிறகு ஜெயரூபி சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, தானே ஒரு கையால் பொனற்றைத் தூக்கிக் கீழே விட்டாள்.

டொக்.

"கேட்டுதே?" என்றாள், புதுக்குடியிருப்புப் பக்கம் பார்த்து.