கைநீட்டி ஆஸ்பத்திரி

ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி நாற்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்த கட்டடத்துக்கு ஊர் வைத்த பெயர் கைநீட்டி ஆஸ்பத்திரி. துறைமுகத்தில் கரி இறக்கியவர்களுக்காக ஏதோ ஒரு கம்பெனி கட்டியது. கம்பெனி போயிற்று, டாக்டர் போனார், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அதைப் புதுப்பித்து காபிக் கடை ஆக்குகிறார்கள். ஆக்கட்டும், யார் வேண்டாம் என்றது? வாட்ச்மேன் நீலமேகத்துக்கு வயிறு எரிந்தது, வாசலில் மாட்டுவதற்காக வந்து இறங்கிய பித்தளைப் பலகையைப் பார்த்துத்தான்.

‘ஏழைகளுக்கு வாரி வாரிக் கை நீட்டிக் கொடுத்ததால் இது கைநீட்டி ஆஸ்பத்திரி.’

கொடுத்தார்களாம், வாரி வாரி! கை நீட்டியது யார் என்று எழுதியவனுக்குத் தெரியுமா? முன்வாசல் குமாஸ்தாக்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும். கரி இறக்குகிற ஜனம் உள்ளே கால் வைத்தால் தீட்டு. அவர்களுக்குப் பின்சுவரில் ஒரு ஓட்டை. வெளியே நின்று ஓட்டைக்குள் கையை நீட்ட வேண்டும். கம்பவுண்டர் உள்ளே விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நாடி பார்ப்பான். முகம் பார்ப்பதில்லை.

நீலமேகத்துக்கு அப்போது ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. அவளுக்குத் தொண்டை வீங்கி எச்சில்கூட இறங்கவில்லை. அம்மா அவளைத் தூக்கிப் பிடித்து அவள் கையை ஓட்டைக்குள் விட்டாள். “தொண்டைங்க, தொண்டைங்க” என்று கத்தினாள். காய்ச்சல் என்று சொல்லி ஒரு சிவப்புத் தண்ணீர் பாட்டில் ஓட்டை வழியாக வெளியே வந்தது. மூன்றாம் நாள் தங்கை மூச்சு முட்டிச் செத்துப்போனாள். தொண்டை அடைப்பான். வாயைத் திறந்து ஒரு தடவை பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். அறுபது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அவருக்கு அது ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்?

மதி மேடம் போட்டோக்காரரை அழைத்துக்கொண்டு சுற்றிக் காட்டினாள். கட்டடத்தைப் புதுப்பிக்கிற ஆர்க்கிடெக்ட் அவள்தான். கெட்ட பெண் இல்லை. வளைந்து ஏறும் இரும்புப் படி, வண்ணக் கண்ணாடி, மழைத் தண்ணீர் கொட்டுகிற சிங்க வாய் என்று ஒவ்வொன்றுக்கும் உருகினாள். கடைசியில் பின்சுவருக்கு வந்தாள். ஓட்டையைச் சுற்றி வழவழப்பான கல் வளையம். எத்தனை ஆயிரம் முழங்கை தேய்த்த வழவழப்போ!

“இதுதான் நம்ம ஸ்பெஷல். காபியை இது வழியாத்தான் கொடுக்கப் போறோம். எல்லாரும் கையை விட்டு போட்டோ எடுத்துப்பாங்க.”

நீலமேகத்துக்கு வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

“மேடம், நீங்களே மொதல்ல கைய வுடுங்க. நான் உள்ள நிக்கிறேன்.”

“சூப்பர் ஐடியா, ஐயா!”

அவர் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். வளையல் போட்ட கை ஓட்டைக்குள் வந்தது. வெளியே போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். நீலமேகம் மணிக்கட்டைப் பிடித்தார்.

“மேடம், உங்க தொண்டைல இன்னா கீதுன்னு சொல்லட்டா?”

“கையைப் பிடிச்சுக்கிட்டா? அங்கிருந்து எப்படித் தெரியும்?”

“தெரியாதுல்ல? அவனுக்கும் தெரில. எங்கம்மா வெளிய நின்னுகினு தொண்ட தொண்டன்னு கத்துச்சு. எங்க ஜனம் உள்ள வரக்கூடாதாம், மூஞ்சியப் பாக்கக்கூடாதாம். கைய மட்டும் நீட்டணுமாம். அதான் மேடம் கைநீட்டி. எவனும் வாரிக் குடுக்கல. என் தங்கச்சி இந்த ஓட்டைல கைய நீட்டிட்டுப் போய் மூணாம் நாள் செத்துப்போச்சு. நீங்க இன்னாடான்னா இதுல காபி விக்கிறேன்றீங்க.”

கை அசையவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை. வாசல் பக்கம் சுவரைத் துளைக்கிற மெஷின் சத்தம் ஆரம்பித்தது. பலகையை மாட்ட ஆள் ஏறிவிட்டான்.

“அந்த போர்டை மாட்டாதீங்க, நிறுத்துங்க!” என்று மதி வெளியே யாரிடமோ கத்தினாள். சத்தம் நின்றது. அப்புறம் ஓட்டைக்கு அருகில் அவள் குரல் தாழ்ந்து வந்தது.

“ஐயா, உங்க தங்கச்சி பேரு என்ன?”

நீலமேகம் அந்த மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கோபம்தான், வேறொன்றும் இல்லை.

“சொக்கம்மா. அன்னிக்கு அவன் அதக்கூடக் கேக்கல மேடம்.”