இரண்டாவது ஆள்

தூக்கியிருக்கலாம். ஒரே ஒரு தடவை. முதுகு போனால் போகட்டுமே, ஏற்கெனவே போனதுதானே என்று நினைத்தபடி அவள் உயிர் பிரிந்த அப்பாவின் இமைகளை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். மணி ஒன்பதரை. அண்ணன் பத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

விடிந்ததிலிருந்து அப்பா கட்டிலில் கீழே கீழே சரிந்துகொண்டிருந்தார். தலை தலையணையை விட்டிறங்கி, மோவாய் நெஞ்சில் இடித்தது. பாதங்கள் கால்மாட்டுப் பலகையில் முட்டி நின்றன.

"மேல ஏத்தி விடு, பாப்பா."

ஐம்பது வயதிலும் வீட்டில் அவள் பாப்பாதான்.

"அண்ணன் வரட்டும்ப்பா. ரெண்டு பேரா ஏத்திடுறோம்."

"நூறு கிலோ மூட்டைய ஒத்தையா ஏத்தினவன்டி நான்."

"அப்ப மூட்டைக்கு நீங்க இருந்தீங்க. இப்ப நீங்களே மூட்டை."

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. பிறகு இன்னொரு முறை கேட்டார். அதற்கடுத்த முறை கையை மட்டும் நீட்டினார். கழுத்துக்கடியில் துண்டை மடித்து வைத்துவிட்டு அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"கொஞ்சம் சீக்கிரம் வாண்ணா. முதுகு முடியல, டாக்டர் தூக்கவே கூடாதுன்னுட்டார்."

"யாருக்குத்தான் முதுகு வலிக்கல? வந்துட்டே இருக்கேன்."

அவன் குரலுக்குப் பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நேற்றுத்தான் அந்த டாக்டர் அவள் முதுகின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருந்தார். "இன்னொரு தடவை தனியா யாரையாவது தூக்கினீங்கன்னா, அப்புறம் உங்களைத் தூக்க ஆள் தேடணும், சிஸ்டர்." அவள் இடது கால் ஒரு மாதமாகவே மரத்துக் கிடந்தது.

அவள் நர்ஸாக வேலை பார்க்கும் வார்டில் முப்பத்திரண்டு கட்டில். நோயாளியை நகர்த்த இரண்டு பேர் வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்தது. இரண்டாவது ஆளைத் தேடுகிற நேரத்தில் வேலையே முடிந்துவிடும். கூப்பிட்டுவிட்டுக் காத்து நிற்பவளுக்கு அங்கே 'மகாராணி' என்று பெயர். அந்தப் பெயர் வேண்டாமென்று இருபத்தோரு வருஷம் கக்கத்தில் கை கொடுத்துத் தனியாகவே இழுத்தாள். வீட்டிலும் அப்படித்தான், மூன்று வருஷமாக. இன்றுதான் முதன்முதலாகக் காத்திருந்தாள்.

சரிந்து கிடந்ததால் போனாரா, நேரம் வந்து போனாரா? வார்டில் யாராவது இப்படிக் கேட்டு அழுதால் சொல்வதற்கு அவளிடம் ஒரு பதில் உண்டு. எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அதை இப்போது தனக்கே சொல்லிப் பார்த்தாள். ஒரு வார்த்தைகூட ஒட்டவில்லை.

பத்தேகாலுக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் ஈரத் தலையோடு நின்றான்.

"எப்போ?"

"முக்கால் மணி ஆச்சு."

"இவ்வளவு மோசம்னு போன்ல சொல்லலியே. நீ நர்ஸுதானே, பார்த்தா தெரியாதா?"

அவள் விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள்.

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆளுங்க வர ஆரம்பிச்சுடுவாங்க. இப்படியா கால் முட்டிக் கிடக்கிறது? மேல ஏத்திச் சட்டையை மாத்திடலாம்."

அண்ணன் ஓரடி முன்னால் வந்து, அப்பாவின் தோளைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டான்.

"நீயே ஏத்திடு பாப்பா. எங்களுக்குப் பழக்கமில்ல, எசகுபிசகா ஆயிடும். உனக்கு இது பூவைத் தூக்குற மாதிரி."

சொல்லி முடிப்பதற்குள் அவள் கைகள் தாமாகவே அப்பாவின் கக்கத்துக்குள் போயிருந்தன. அங்கே இன்னும் சூடு இருந்தது. முட்டி தானாக மடிந்தது. வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை ஓடியது.

கைகளை வெளியே எடுத்தாள்.

"மாட்டேண்ணா," என்றாள், யாரையும் பார்க்காமல். "நீங்க ரெண்டு பேரும் ஏத்துங்க."

தலைமாட்டை அவனுக்கு விட்டு, சுவரோரம் போய் நின்றாள்.