பிரேக் அக்காவின் நாக்கு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பெண்மணியை எல்லோரும் ‘பிரேக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். காரில் ஏறினால் அவர் வாய் ஓயாது. வீட்டிலும் அப்படித்தான். தையற்காரரான கணவர் ‘ம்’ கொட்டுவதோடு சரி.

ஒருநாள் அக்கா பேசாமல் சாப்பிட்டார். கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னாச்சு?”

“நாக்கு ஓரத்துல பல்லு குத்துதுங்க. ஒரு மாசமா.”

டார்ச் அடித்துப் பார்த்தார். சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தடிப்பு. மறுநாள் கடையைத் திறக்காமல் அக்காவை அழைத்துப் போனார்.

பல் மருத்துவர் கூராக இருந்த கடைவாய்ப் பல்லைத் தேய்த்துவிட்டார். “பல்லு உரசித்தான் வந்திருக்குன்னா ரெண்டு வாரத்துல ஆறிடும்மா. ஆறலைன்னா துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்.”

ஆறவில்லை. மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு சதையை வெட்டித் தையல் போட்டார். கணவர் எட்டிப் பார்த்தார்.

“நானா இருந்தா இன்னும் நெருக்கமா போட்டிருப்பேன்.”

மருத்துவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

டெஸ்ட் முடிவு வந்த அன்று மூவருமே சிரிக்கவில்லை. “புற்றுநோய் இல்லை. ஆனா செல்லுங்க மாற ஆரம்பிச்சிருக்கு. விட்டு வைக்கக் கூடாது.”

அக்காவின் கை கணவரின் கையைத் தேடிப் பிடித்தது. “நாக்கையே எடுத்துடுவீங்களா டாக்டர்?”

“சேச்சே. அந்தத் தடிப்பும் சுத்தி கொஞ்சமும்தான். ஆனா ஒரு வாரம் பேசக் கூடாது.”

“இவளையா சொல்றீங்க?” என்றார் கணவர்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த வாரமே ஒரு மாணவிக்கு லைசென்ஸ் டெஸ்ட். அக்காவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. டெஸ்டுக்கு முந்தின நாள் பயிற்சிக்குக் கிளம்பி, மாணவிக்குப் பக்கத்தில் தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்துகொண்டார். கணவர் பின்சீட்டில். அக்கா கையை ஆட்ட, அவர் விளக்கினார்.

“வளைவு வருதும்மா. துணியை மெஷின்ல திருப்புற மாதிரி மெல்லத் திருப்பு. வெடுக்குன்னு இழுக்காதே.”

கார் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

“அண்ணன் சொன்னா பயமே இல்லக்கா,” என்றாள் மாணவி. அக்கா முறைத்தார், பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகும் கணவர் ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மாணவி டெஸ்டில் தேறிவிட்டாள்.

அடுத்த முறை மருத்துவர் நாக்கைப் புரட்டிப் பார்த்தார். “எடுத்த இடத்தைச் சுத்தி சுத்தமா இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டிட்டுப் போங்க. இனி பேசலாம்.”

அக்கா பேசத் தொடங்கினார். ‘ர’ மட்டும் சற்று வழுக்கியது. வெளியே காத்திருந்த அடுத்த நோயாளி கதவைத் தட்டிய பிறகுதான் அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார்.