ஆறாவது தோர்வான்

தோர்வான் என்ற குடும்பப் பெயரை உலகத்தில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஆறாவதாக ஒருவருக்கு அதைக் கொடுத்தால், ஏற்கெனவே வைத்திருக்கும் ஐவரில் ஒருவரை விட்டு அது போய்விடும். யாரை விட்டுப் போக வேண்டும் என்பதை அந்த ஐவரில் ஒருவர் பதிவு அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விருப்பப்பட்டால் தன்னையே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் சொன்னவர்கள் குறைவு. யாரும் வாய் திறக்காவிட்டால் புதியவர் மேல் பெயர் ஒட்டாது, குழந்தை பெயரில்லாமலே வீட்டுக்குத் திரும்பும்.

அது பிரெஞ்சுப் பெயர். அந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றில், காற்று சுத்தமாக நின்றுபோன ஒரு நாளில், பாய்மரத் துணி தைக்கும் பட்டறையில் மடித்து வைத்திருந்த பாய்க்குள் ஒரு குழந்தை கிடந்தது. கப்பல்கள் எல்லாம் அசையாமல் நின்றதால் ஊருக்கே வேலை இல்லை. குழந்தைக்குப் பெயர் வைக்க எல்லோரும் கூடிவிட்டார்கள். காற்று உறங்குகிறது என்ற பொருளில் குமாஸ்தா அந்தப் பெயரை உண்டாக்கினார். கடைசியில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத ஆளைப் போல அது இன்றுவரை உச்சரிக்கப்படாமலே உட்கார்ந்திருக்கிறது. குழந்தை வளர்ந்து கல்யாணம் செய்து, நான்காவது பிள்ளைக்குப் பெயர் எழுதப் போன அன்றுதான் இடம் ஐந்துதான் என்று தெரிந்தது. பெயர் அரிதாக இருப்பதன் காரணத்தைக் கேட்டு ஒருமுறை ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். போரில் ஆண்கள் செத்தது, பெண்கள் கல்யாணமாகிப் போனது, தப்பும் தவறுமாக எழுதிய குமாஸ்தாக்கள் என்று அவரே பல காரணங்கள் சொன்னார். குடும்பத்தார் காப்பி கொடுத்து, ஆமாம் ஆமாம் என்று வழியனுப்பி வைத்தார்கள். அவர் சொன்னதிலும் பொய் ஒன்றும் இல்லை.

கப்பல்களுக்குப் பாய் தேவைப்படாத காலம் வந்ததும் குடும்பம் எங்கள் ஊருக்கு வந்து, கடைகளுக்குப் படுதா தைக்கும் பட்டறை போட்டது. அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவளைத்தான் பிற்பாடு ஊர் கத்திரியம்மா என்று கூப்பிட்டது. அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர் சந்தையில் சத்தமாகச் சொன்னால் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்க்கிற பெயர். கல்யாணம் நிச்சயமானபோது ஐந்து இடமும் நிரம்பியிருந்ததால், மாப்பிள்ளையின் பெரியப்பா சாகும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் சாவகாசமாகத்தான் செத்தார். வாரா வாரம் அவருக்கு சூப் கொண்டுபோவாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ தாயி, முயற்சி பண்ணிக்கிட்டுதான் இருக்கேன்" என்பார் அவர். அவர் போய் இவள் வந்தாள். கல்யாணத்துக்குப் பின் மாமியார் போய் ஒரு மகள் வந்தாள். அத்தோடு மாமனார், கணவன், கணவனின் தங்கை, இவள், மகள் என்று கணக்கு சரியாகிவிட்டது.

மகளுக்கு மூன்று வயதானபோது இன்னொரு குழந்தை வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னாள். கணவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "எடம் எங்க இருக்கு? யாரை எடுக்கச் சொல்ற, அப்பாவையா?" என்றான். மாமனாருக்கு அதற்கு முந்தைய ஆண்டுதான் பக்கவாதம் வந்து பேச்சு நின்றிருந்தது. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் மேசைக்கு அடியில் இவள் கையைப் பிடித்து அழுத்தினாள். இவள் அந்த ஆசையை விழுங்கிவிட்டாள். அடுத்த சில வருடங்களுக்கு, எங்காவது கைக்குழந்தை அழுதால் அவளுடைய ரவிக்கை நனைந்தது. உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்துக்கொண்டாள், யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனாருக்கு மட்டும் தெரியும். அந்தத் துணியை மடித்துக் கொடுத்தவளே அவள்தான்.

நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருவரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே வெட்டு மேசையில் நின்றார்கள். கித்தான் துணியை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, எதிரெதிரே நடந்துவந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் இருவர் கைகளும் ஒருமுறை தொட்டுக்கொள்ளும். அப்படித் தொட்டுக்கொள்ளும் நேரத்தில்தான் அவர்கள் எல்லாவற்றையும் பேசினார்கள்: கால் வலி, தையல்காரர்களின் சண்டை, மாமனாரின் பிடிவாதம், எதிர்க் கடைக்காரன் தலையில் திடீரென்று முளைத்த கறுப்பு முடி. பட்டறையை ஊரில் பேர் சொல்ல வைத்தது கத்திரியம்மாதான். முன்பு படுதாவில் மழைநீர் தேங்கிக் குடம் மாதிரி தொங்கும். அவள் வெட்டை மாற்றி, நடுவில் ஒரு சாய்வு வைத்தாள். அதற்குப் பிறகு ஊரில் பாதிக் கடைகளின் முகப்பில் அவள் தைத்த படுதாதான். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் தோர்வான் என்று அவளோ நாத்தனாரோ தைத்திருப்பார்கள்.

மகள் உயரத்தில் தாயை எட்டிப் பிடித்த வருடம், காற்றில்லாத ஒரு காலையில், கத்திரியம்மா தன் கையால் தைத்த பெயர்கள் எல்லாம் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பிரிந்தன. மருந்துக் கடை, செருப்புக் கடை, முடிதிருத்தும் கடை, எங்கு பார்த்தாலும் படுதாவின் மூலையிலிருந்து சிவப்பு நூல் தொங்கியது. நாத்தனார் தைத்தவை அப்படியே இருந்தன. முடிதிருத்துபவர் பாதி சவரம் செய்த ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, கையில் கொஞ்சம் நூலோடு பட்டறைக்கு வந்தார். வழக்கம்போல அவளைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. மறுபடியும் திறந்தார், மறுபடியும் இருமல். அவள் சாக்பீஸை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த துணி ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தாள். முதற்பெயர் வந்தது. அதற்குப் பிறகு பேனா வெறுமனே கீறியது.

விஷயம் புரிய அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஊருக்கும்தான். கணவனைக் கூப்பிட்டாள். அவன் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து நூலைப் பார்த்து, "நூலு மட்டமா இருந்திருக்கும்" என்றான்.

"நூலு மட்டம்னா உங்க தங்கச்சி தச்சது ஏன் பிரியல?"

அவன் துணி மேசையைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போய் நின்றான்.

"யாரு பெத்தா?"

படுதாக்களுக்குக் கயிறு விற்கும் கடைக்காரி பெற்றிருந்தாள். கணவன் சரக்கு எடுக்க வாரத்துக்கு ஒருமுறை அங்கே போவான். கயிறு எப்போதும் தேவைக்கு அதிகமாகவே பட்டறையில் இருந்தது. "பையன்" என்றான், அது ஏதோ சமாதானம் போல. பிறகு வேகமாகச் சொன்னான்: "ஆனா ஒன்னு, நான் உன்னைச் சொல்லல. சத்தியமா சொல்றேன். அந்த ஆபீஸ்ல நான் வாயே திறக்கல."

"உங்க பேரையே சொல்லியிருக்கலாமே."

அவன் சத்தியம் உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. பொய் சொல்லும்போது அவனுக்குக் காது சிவக்கும், இப்போது சிவக்கவில்லை. மாமனாருக்குப் பேச்சு கிடையாது. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அப்போதுதான் அவள் மேசையின் மறுமுனையைப் பார்த்தாள். நாத்தனார் மடிப்பதற்காக எடுத்த துணியின் முனையை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலையில ஆபீஸ்ல அண்ணன் என்னைப் பார்த்தான் அண்ணி" என்றாள் நாத்தனார். "யாராவது ஒருத்தரைச் சொல்லியாகணும். நான் வாய் திறக்கலன்னா என்னைச் சொல்லிடுவானோன்னு பயந்துட்டேன். உங்களுக்குத் திரும்பிப் போறதுக்குப் பொறந்த வீட்டுப் பேரு ஒன்னு இருக்கு. எனக்கு இத விட்டா என்ன இருக்கு?"

"எத்தனை நாளா தெரியும்?"

"கயித்துக் கடைக்காரிக்கு மசக்கை வந்ததுலேருந்து."

கத்திரியம்மா மனசுக்குள் அந்த மாதங்களின் மடிப்புகளை எல்லாம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பிலும் அந்தக் கை தன் கையைத் தொட்டிருக்கிறது, ஒருமுறைகூட நடுங்கவில்லை. "எனக்குப் பால் கசிஞ்சப்ப துணி மடிச்சுக் கொடுத்தவ நீ" என்று மட்டும் சொன்னாள். மேசையில் கிடந்த தன் பக்கத்து முனையைக் கீழே தள்ளிவிட்டாள். கணவன், "இப்ப என்ன ஆயிடுச்சு, பேருதானே போச்சு, நான் இருக்கேன்ல" என்று ஆரம்பித்தான். "ஊருல பேருக்குப் பொண்டாட்டியா இருக்கிறவ உண்டு" என்றாள் அவள். "இப்ப நான் பேருக்குக்கூட உங்க பொண்டாட்டி இல்ல." பெரிய கத்திரியை மேசையிலிருந்து எடுத்தபோது அவன் ஓரடி பின்வாங்கினான். அவள் அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அது அவளுடைய கத்திரி, அப்பா வாங்கிக் கொடுத்தது.

பிறந்த வீட்டுப் பெயர் அவளிடம் உடனே திரும்பி வந்தது; ஆயிரம் பேர் சாப்பிடும் இடத்தில் இன்னொரு தட்டு போடுவது பெரிய காரியமில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பழைய சைக்கிள் நிறுத்துமிடத்தை வாடகைக்குப் பிடித்துத் தனியாகப் பட்டறை போட்டாள். கணவன் அங்கே ஒருமுறை வந்தான், கயிறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனான். உதவிக்கு இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். ஆனால் துணி மடிக்க அவர்களை விடவில்லை. சுவரில் இரண்டு கொக்கிகள் அடித்து, ஒரு பக்கத்து முனைகளை அதில் மாட்டி, மறுபக்கத்தைத் தானே பிடித்து மடித்தாள். நேரம் இரட்டிப்பாகத்தான் ஆகும். கொக்கிக்கு வாய் இல்லை என்பாள்.

மகளும் கூடவே வந்துவிட்டாள். ஒரு நாள் வேலைக்கு நடுவில், "என் பேரை விட்டுக் கொடுத்துடறேன்மா. நான் போய்ச் சொன்னா ஒனக்கு வந்துடும்" என்றாள். கத்திரியம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, முதுகில் ஓர் அடி வைத்தாள். "பொறக்கும்போது வந்தது ஒனக்கு. அதுல கை வச்சா தோலை உரிச்சிடுவேன்" என்றாள். அன்றைக்குத்தான் அவள் அழுததைப் பட்டறையில் பார்த்தார்கள். தைத்துக்கொண்டே அழுதாள், தையல் கோணவில்லை.

கயிற்றுக் கடைக்காரிக்கும் நல்லது நடந்துவிடவில்லை. குழந்தைக்குப் பெயர் கிடைத்தது, அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்தது நீதான் என்று கத்திரியம்மாவின் கணவன் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். அவள் மாமனாரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கூச்சமில்லாமல் விசாரித்தாள். மாமனார் பேச்சில்லாமல், பிடிவாதமாக, வருடக் கணக்கில் உயிரோடு இருந்தார்.

அவர் செத்த சேதி கத்திரியம்மாவுக்கு ஆள் வந்து சொல்வதற்கு முன்பே வந்துவிட்டது. படுதாவில் கயிறு கோக்கும் பித்தளை வளையங்கள் கொண்டுவந்தவனிடம் ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பேனா அவள் பெயரை எழுதி முடித்த பிறகும் நிற்காமல் ஓடி, தோர்வான் என்று எழுதி, உச்சரிக்கப்படாத அந்தக் கடைசி எழுத்தையும் போட்டுவிட்டு நின்றது. ரசீதுக்காரன், "அப்பாடா" என்றான், ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. அரைமணி நேரத்தில் நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். ஒரேயடியாக நடந்து வந்திருந்தாள், மூச்சு வாங்கியது. தலை முழுக்க நரைத்திருந்தது.

"அப்பா இடத்தை உங்களுக்குச் சொல்லிட்டேன் அண்ணி. அண்ணன் ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடியே போய்ச் சொல்லிட்டேன். வீட்டுல பெரிய சண்டை. பரவாயில்ல. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

"நான் கேட்டேனா?"

"கேக்கல."

"அன்னைக்கும் என்னைக் கேக்காமத்தான் சொன்ன. இன்னைக்கும் கேக்காமத்தான் சொல்லியிருக்க."

நாத்தனார் உள்ளே பார்த்தாள். கொக்கியில் பாதி மடித்த துணி தொங்கியது. தன்னையறியாமல் ஒரு கையை அதை நோக்கி நீட்டினாள். கத்திரியம்மா நகர்ந்து துணிக்கு முன்னால் நின்றுகொண்டாள். நாத்தனார் கையை இறக்கிக்கொண்டு, "கொடுத்தது கொடுத்ததுதான் அண்ணி. நீங்க வேணாம்னு சொன்னாலும் அது போகாது" என்றாள். "போகாதுன்னா வெளியே நிக்கட்டும்" என்றாள் இவள். ரசீதை வாங்கி அந்தப் பெயரை அடித்துவிட்டு, வளையங்களை எண்ணி எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். மாமனாரின் அடக்கத்துக்கு மட்டும் போனாள். குழிக்குப் பக்கத்தில் யாரோடும் பேசாமல் நின்றுவிட்டு வந்தாள்.

பெயர் அன்றிலிருந்து பட்டறை வாசலில் நிற்கிறது. அதற்கு உருவம் இல்லை. காற்று சட்டென்று நிற்கும்போது துணி ஒருமுறை தளர்ந்து விழுகிற மாதிரி இரண்டு அசைச் சத்தம், அவ்வளவுதான். முதலில் வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, நடைபாதையில் படுத்திருக்கும் நாயைத் தாண்டுவதுபோல, அந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கி உள்ளே வரப் பழகிக்கொண்டார்கள். தபால்காரர் அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போகிறார். கயிற்றுக் கடைக்காரி ஒருமுறை வந்து எதிர்ச்சாரியில் நின்று, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஊரில் யாராவது கேட்டால், உலகத்தில் இப்போதும் தோர்வான்கள் ஐந்துதான், நாலு பேர் அவரவர் வீட்டுக்குள் இருக்கிறார்கள், ஒன்று வெளியில் இருக்கிறது என்று சொல்வார்கள். மழை பலமாக அடிக்கும் நாட்களில் தையல் பெண்களில் ஒருத்திக்கு மனசு கேட்காது. அதை உள்ளே வரச் சொல்லட்டுமா அக்கா என்று கேட்பாள்.

"வாசல்ல படுதா போட்டுத்தானே இருக்கு, நனையாது" என்பாள் கத்திரியம்மா, வெட்டுவதை நிறுத்தாமல்.