தூளிக் கொக்கியை நோக்கி ஒரு விரிசல்

தங்கப்பன் கொத்தனார் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். போன வருடம் அவர் பூசிய இடம் கல்லாக நின்றது. அதற்கு ஒரு முழம் தள்ளி, பீமில் புது விரிசல். துருநீர் செந்நிறமாகச் சுவரில் இறங்கியிருந்தது.

முதல் விரிசல் வாசலுக்கு மேல். அடைத்தார். அடுத்தது ஒரு முழம் உள்ளே. அதையும் அடைத்தார். இப்போது தூளிக் கொக்கிக்குப் பக்கத்தில்.

"அவருதாண்ணே உள்ள வர்றாரு," என்றாள் தமிழரசி.

அவள் கணவன் அன்பழகன் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம்தான் முதல் விரிசல் விட்டது. உதிர்ந்த காரைச் சில்லுகளை அவள் பெருக்கித் தள்ளியதில்லை. மாடத்தில் எடுத்து வைத்திருந்தாள். அடுத்த மாதம் மகள் இனியா கைக்குழந்தையோடு வருகிறாள். தூளி அந்தக் கொக்கியில்தான்.

"கூப்புட்டாக்கூட வீடு தங்க மாட்டான் ஒம்புருசன். இப்ப நடந்து வர்றானாக்கும்!" என்றான் அவள் அண்ணன் மாரிக்கண்ணு. துறைமுகத்தில் படகு பழுது பார்ப்பவன். யாரும் சிரிக்கவில்லை. மேலிருந்து ஒரு சில்லு பொத்தென்று விழுந்தது.

மாரிக்கண்ணு விரிசலையே பார்த்தான். "மேஸ்திரி, படகுல புரொப்பல்லர் பக்கம் ஜிங்க்கு, அதான் துத்தநாகக் கட்டி, ஒண்ணு வைப்போம். உப்புத்தண்ணி அதத் தின்னும், இரும்ப உட்டுரும். இங்க எது எதத் தின்னுது?"

தங்கப்பனுக்குப் பிடிபட்டது. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொடுகிறது. துரு இரும்பைவிடப் பருமன். உப்பி, காரையைப் பிளக்கிறது. ஆனால் ஓரிடம் துருப்பிடிக்கும்வரை, அதே கம்பியின் பக்கத்து இடம் தப்பிக்கிறது. துருப்பிடித்த இடத்தை அவர் சுத்தமாக்கி அடைத்ததும் அந்தக் காவல் போய், உப்பு ஊறிய பக்கத்து இடம் துருப்பிடிக்கத் தொடங்கியது. விரிசலை நகர்த்தியது தன் பூச்சுதான் என்று சொல்லி, இந்த முறை கம்பிக்கும் ஜிங்க் வைக்கலாம் என்றார்.

"அப்ப இனிமே நகராதாண்ணே?" தமிழரசியின் குரல் இறங்கியிருந்தது.

"நகராதும்மா," என்றார் தங்கப்பன்.

அவள் மாடத்தைப் பார்த்தாள். பிறகு, "புள்ள படுக்கற எடம். செஞ்சிருங்க," என்றாள்.

முதலில் பீமுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். உப்பு ஊறிய காரையைக் கம்பிக்குப் பின்புறம்வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்துவிட்டு, மெலிந்த கம்பியோடு புதுக் கம்பி சேர்க்க வேண்டும். கான்கிரீட்டுக்கென்றே உறையோடு விற்கும் ஜிங்க் வில்லைகளை ஒட்டுப்போடும் இடத்தின் ஓரங்களில் கம்பியோடு இறுக்கிக் கட்டி, நல்ல தண்ணீரில் குழைத்த கலவையால் மூட வேண்டும். வில்லை தீரும்வரை உப்பு அதைத்தான் தின்னும்.