பிரசங்கத்தில் இல்லாத குடும்பம்

1

இந்தக் கதை எனக்கு ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கிடைத்தது. என்னுடைய உரிமத்தைப் புதுப்பிக்க வரிசையில் நின்றிருந்தேன். எதிரே தேர்வு மைதானத்தில் ஒரு பெண் காரைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டிருந்தாள். மதிலோரமாக ஆறு பேர் கண்ணை மூடி நின்றார்கள். கார் போய்க் கம்பத்தில் இடித்தது. சத்தம் கேட்டதும் தேர்வு முடிந்துவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, ஆறு பேரும் சேர்ந்து 'ஆமென்' என்றார்கள்.

"நாலாவது தடவ சார்" என்றார் பக்கத்தில் நின்ற பயிற்சியாளர். "பாஸ்டர் பொண்ணு. என் கூட வந்தா நல்லாத்தான் ஓட்டுது. இவங்க மதில்கிட்ட வந்து நின்னதும் கம்பத்தத் தேடிப்போய் இடிக்குது."

ஒரு துணுக்குக்கு இது போதும். நானும் எழுதித் தலைப்பெல்லாம் வைத்துவிட்டேன். ஆனால் அந்த ஆறு பேருக்கு அவளுடைய தேர்வுத் தேதி எப்படித் தெரிந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. கேட்கப் போனேன். மாட்டிக்கொண்டேன்.

2

போதகரை எப்படி அறிமுகப்படுத்துவது?

'அவர் ஓர் எளிய மனிதர்.' (வேண்டாம். படித்தால் இரங்கல் குறிப்பு போல இருக்கிறது. ஆள் நன்றாக இருக்கிறார்.)

'பீடத்தில் ஏறினால் அவர் சிங்கம்.' (பொய். பீடத்தில் ஏறினால் முதல் நான்கு நிமிடம் தொண்டையைச் செருமியே ஓட்டிவிடுவார்.)

'இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே சபையில், எண்பது குடும்பங்களின் சுகதுக்கங்களில்' (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே பொறுமை இல்லை.)

சரி, இது நிற்கட்டும்: போதகர் பேசுவதில் சுமார், வீடுவீடாகப் போய்ச் சந்திப்பதில் கெட்டிக்காரர்.

அவருடைய பையில் வேதப் புத்தகத்தோடு ஒரு திருப்புளியும் ஒரு ஸ்பேனரும் உண்டு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஜெபம் பண்ண மாட்டார். சுற்றுமுற்றும் பார்த்து, எது சரியாக வேலை செய்யவில்லையோ அதைக் கேட்பார். கதவு ஏன் கரகரக்கிறது, குழாய் ஏன் சொட்டுகிறது. பிறகு வீட்டாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைக் கழற்றுவார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மூன்றாவது திருகாணி கழலுவதற்குள், மகன் வேலையை விட்டதும் மருமகள் பேசாததும் வெளியே வந்துவிடும்.* சபைக் கமிட்டிக்கும் இதையே கற்றுக்கொடுத்திருந்தார். கூடவே ஒரு விதி: "ஒருத்தர் 'ஒண்ணும் இல்ல'ன்னு ரெண்டு தடவ சொன்னா, கண்டிப்பா ஏதோ இருக்கு. போயிராதீங்க."

(* குழாய் சரியாகுமா என்று கேட்டேன். சில சமயம் ஆகும் என்றார்.)

அப்படிக் கேட்டது எதுவும் அவர் வாயிலிருந்து வராது. அங்கேதான் சிக்கல். ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்கு மூன்று குறிப்புகள் வேண்டும், மூன்றுக்கும் எடுத்துக்காட்டு வேண்டும். சபையார் வீட்டுக் கதைகளுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. பூட்டில்லாத வீடு அவருக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது.

3

அவருடைய மனைவி கணக்கு ஆசிரியை. பிரசங்கங்களில் அவருக்குப் பெயர் 'எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி'. போதகர் அப்படி ஆரம்பித்ததும் எண்பது குடும்பங்களும் இரண்டாவது வரிசையைத் திரும்பிப் பார்க்கும். அங்கே இருக்கும் மனைவியும் அது யாரோ எவரோ என்பது போலச் சுவரைப் பார்ப்பார். கணவர் மேல் அவருக்கு இருந்த ஒரே புகார் வேறு: "நான் கோபப்பட்டது ரெண்டு தடவ. நீங்க மூணுன்னு சொன்னீங்க. சொல்றதச் சரியாச் சொல்லுங்க."

மகளுக்கு இருபத்தோரு வயது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் பால்பல் விழுந்தது 'இழப்பு' பற்றிய பிரசங்கத்தில் வந்தது. பொன்னுக்கு வீங்கி 'பொறுமை'யில் வந்தது. ஓட்டுநர் தேர்வில் முதல்முறை தோற்றது 'விடாமுயற்சி'யில் வந்து, அங்கிருந்து நேராக சபையின் ஜெபக் குறிப்புகளில் ஏறிவிட்டது. தேதி, நேரம் எல்லாம் சேர்த்து.

(என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம்.)

கம்பத்தை இடித்த அன்று மத்தியானம், சாப்பாட்டு மேசையில் அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்: "நான் உங்க மகளாப்பா, இல்ல உங்க மூணாவது குறிப்பா?"

அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. இனி பீடத்திலிருந்து வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்தால் அந்த ஞாயிறோடு அவள் அந்தச் சபையில் இல்லை, அடுத்த தெருவில் வேறு சபை இருக்கிறது என்றாள்.

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வசனம் இருக்கும்மா" என்றார் அவர். "அதனால சரின்னு மட்டும் சொல்றேன்."

"அது போதும். ஆனா அதையும் அங்க சொல்லக் கூடாது."

4

முதல் ஞாயிறு எறும்பைப் பற்றிப் பேசினார். இரண்டாவது ஞாயிறு கலங்கரை விளக்கம். மூன்றாவது ஞாயிறு ஒரு ராஜா வந்தார். எந்த நாட்டு ராஜா என்று அவருக்கே தெரியவில்லை.

(இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம். மூன்று வாரம் சுமாராகப் பேசினால் ஒரு சபை கவனிக்குமா? நான் பார்த்த சபைகளில் கவனிக்க மாட்டார்கள். விசாரித்தேன். சபையார் பிரசங்கத்தைக் கேட்கவே இல்லை. 'எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி' வரவில்லையே என்று காத்திருந்தார்கள்.)

மூன்று வாரமாக அந்தச் சகோதரி வரவில்லை. மகள் கடைசி வரிசைக்கு இடம் மாறியிருந்தாள். போதகர் மனைவி கைப்பையில் கண்ணாடியைத் தேடியதை, கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று பாடகர் குழுவில் ஒருவர் பார்த்துச் சொன்னார். ஊர் வாய்க்கு மூடி ஏது? புதன்கிழமைக்குள் போதகர் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்றாகிவிட்டது.

அன்று மாலை சபைச் செயலர் வந்தார். ஆராதனை நடுவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனார்.

"பாஸ்டர், இந்தக் குழாய் சொட்டுதே."

"சொட்டலயே."

"சொட்டுது பாஸ்டர்" என்ற மணிக்கூண்டு, பைக்குள்ளிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தார். திரும்பி முதுகைக் காட்டி நின்றார்.

 அந்த முதுகைப் போதகருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் அவர் காட்டிய முதுகு.

"ஒண்ணும் இல்ல" என்றார்.

மணிக்கூண்டு ஒரு திருகு திருகினார். "நான் எதுவும் கேக்கலயே பாஸ்டர்."

"உண்மையிலேயே ஒண்ணும் இல்லங்க."

இரண்டு தடவை ஆகிவிட்டது. மணிக்கூண்டின் தோள் மெல்லக் குலுங்கியது. அழுகிறார் என்று போதகருக்குப் புரிந்த அதே நேரம் குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரை வரை அடித்தது.

வியாழக்கிழமை தையற்காரரும் மனைவியும் வந்து நன்றாக இருந்த கதவைக் கழற்றினார்கள். வெள்ளிக்கிழமை காலை பாடகர் குழுவே வந்து மின்விசிறியை இறக்கியது. ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு, போதகர் மனம்விட்டுப் பேசட்டும் என்று காத்திருந்தார்கள். அவர் நடுக்கூடத்தில் நின்று 'ஒண்ணும் இல்ல' என்று சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடந்ததை விளக்கிவிடலாம்தான். ஆனால் விளக்கினால் வெளியே வருவது மகளின் கதை. அது ஜெபக் குறிப்பாகிப் பீடத்துக்குப் போக ஒரு நாள் கூட ஆகாது.

அதே வெள்ளிக்கிழமை, அதே நேரம், தேர்வு மைதானத்தின் மதிலோரம் காலியாக இருந்தது. ஜெபிக்க வருகிற ஆறு பேரும் போதகர் வீட்டில் மின்விசிறியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது முறை காரைப் பின்னோக்கி எடுத்த மகள், கம்பங்களுக்கு நடுவே நூல் பிடித்தது போல நிறுத்தினாள்.

(இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இவ்வளவு பொருத்தமாகச் செய்யத் துணிந்திருக்க மாட்டேன்.)

எல்லாரும் போனபிறகு அவள் வந்தாள். கதவில்லாத வாசலில் நின்று அப்பாவின் காதில் சொன்னாள். போதகர் கைகளைத் தூக்கிக் கத்தப்போனார். அவள் அவர் வாயைப் பொத்தினாள்.

"யாருக்கும் சொல்லக் கூடாது. இது ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டும்பா."

வாயில் மகளின் கை இருக்க, அறுபதை நெருங்கும் அந்த மனிதர் கூடத்தில் குதித்தார். மனைவியும் வந்து சேர்ந்துகொண்டார். சத்தம் வராமல் மூன்று பேரும் குதித்தார்கள். தெருவில் போன மணிக்கூண்டு, வாசலில் கதவு இல்லாததால், அதைப் பார்த்தார். பாஸ்டர் வாயைப் பொத்தி வீட்டார் உலுக்குகிறார்கள் என்று கமிட்டியிடம் சொன்னார்.

சனிக்கிழமை கமிட்டி கடிதம் கொடுத்தது. அன்பான கடிதம். ஆறு மாதம் பீடத்தை விட்டு ஓய்வெடுங்கள், வேறு போதகரைப் பார்த்துக்கொள்கிறோம், குடும்பம்தான் முக்கியம். நாளைய பிரசங்கத்துக்குப் பிறகு இதைச் சபையில் அறிவிப்போம்.

ஒரு வாக்கியம் போதும் அவருக்கு. 'என் மகள் தேர்வில் ஜெயித்துவிட்டாள்' என்று பீடத்திலிருந்து சொன்னால் சபை எழுந்து நின்று பாடும், கடிதம் கிழிந்துபோகும். மகளும் எழுந்து போய்விடுவாள்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் சொல்லிவிடுகிறார். பாட்டு நடக்கும்போது கடைசி வரிசையில் ஓர் இடம் காலியாகிறது. எழுதி முடித்ததும் எனக்கே அவர்மேல் கோபம் வந்தது.

இரண்டாவதில் மறுபடி எறும்பு. அறிவிப்பு வருகிறது. ஆறு மாதம் வீட்டிலிருந்து குழாயைச் சரிசெய்கிறார்.

மூன்றாவதில் மகளே எழுந்து வந்து, 'எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர்' என்று ஆரம்பித்து செல்லமாக அப்பாவின் மானத்தை வாங்குகிறாள். இதை எழுதிவிட்டு நான் எழுந்து நடந்தேன், அவ்வளவு பெருமை.

மூன்றையும் எடுத்துக்கொண்டு சரிபார்க்கப் போனேன். (சபை கொடுத்த அதே வீட்டுக்கா, வேறு வீட்டுக்கா என்று கேட்காதீர்கள். சொன்னால் முடிவு தெரிந்துவிடும்.) போதகர் மனைவி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். வியாழன், வெள்ளி என்று நான் மாற்றி எழுதியிருந்ததைத் திருத்தினார். மூன்றாவது முடிவின் ஓரத்தில் 'ரொம்ப அழகா இருக்கு, அதனால பொய்' என்று எழுதினார்.

மகள் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களும் அப்பா மாதிரித்தான் அங்கிள். எங்க வீட்டுக் கதவத் திறந்து உள்ள வந்துட்டீங்க."

கதவே இல்லையே என்பது வாய்வரை வந்தது.  எழுதட்டுமா வேண்டாமா என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "அப்பா படி ஏறுற வரைக்கும் எழுதிக்குங்க. அதுக்குத்தான் எண்பது குடும்பம் சாட்சி இருக்கே. ஏறினப்புறம் அவர் என்ன சொன்னார்ங்கிறது அங்க உக்காந்து கேட்ட எங்களோடது."

சரி என்றேன்.

ஆகவே: ஞாயிறு காலை. போதகர் மூன்று படிகளும் ஏறிவிட்டார். ஒலிவாங்கியைத் தாழ்த்துகிறார், அது சரியாகத்தான் இருந்தது, மறுபடி உயர்த்துகிறார். முன்வரிசையில் மணிக்கூண்டு, மடித்த கடிதத்தோடு. இரண்டாவது வரிசையில் மனைவி சுவரைப் பார்க்கிறார். கடைசி வரிசையில் மகள், கைப்பை மடியில், கால்கள் வாசல் பக்கமாக. அவர் தொண்டையைச் செருமுகிறார். செருமிக்கொண்டே இருக்கிறார். வழக்கமான நான்கு நிமிடம் கடந்து ஐந்தாவது ஓடுகிறது, எண்பது குடும்பங்களும் மூச்சைப் பிடித்திருக்கின்றன, இப்போது வாயைத் திறக்

நான் வெளியே வந்துவிட்டேன். நீங்கள் இருங்கள். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், தாமதமாக வந்தவர்கள் இடமில்லாமல் நிற்கிறார்கள்.